மெஷ் முறை: கையால் போட்டால் 8, −7 வருகிறது, சிமுலேட்டர் 4, 1 என்கிறது

இளங்கதிர்

மெஷ் முறை (சுற்றின் ஒவ்வொரு கண்ணியிலும், அதாவது உள்ளே வேறு கிளை இல்லாத மூடிய வளையத்திலும், ஒரு மின்னோட்டம் சுற்றுவதாக வைத்துத் தீர்ப்பது) இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு கண்ணி மட்டும் உள்ள சின்ன சுற்று ஒன்றில் மாட்டிக்கொண்டேன்.

சுற்று இப்படி: இடது ஓரத்தில் 20 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் மேலே. அங்கிருந்து மேல் கம்பியில் 2 ஓம். நடுவில் மேலிருந்து கீழாக 4 ஓம். அதைத் தாண்டி மேல் கம்பியில் இன்னொரு 2 ஓம். வலது ஓரத்தில் 10 வோல்ட் பேட்டரி, அதற்கும் பாசிட்டிவ் மேலே. கீழே எல்லாம் ஒரே கம்பி.

இடது கண்ணிக்கு ஐ1, வலது கண்ணிக்கு ஐ2 என்று வைத்தேன். நடுத்தடையில் இரண்டும் ஓடுவதால் கூட்டினேன்:

2 ஐ1 + 4 (ஐ1 + ஐ2) = 20
4 (ஐ1 + ஐ2) + 2 ஐ2 = −10

தீர்த்தால் ஐ1 = 8, ஐ2 = −7. திருப்பிப் போட்டுப் பார்த்தால் இரண்டு சமன்பாடும் பொருந்துகிறது. ஆனால் சிமுலேட்டர் 4 ஆம்பியர், 1 ஆம்பியர் என்று காட்டுகிறது. எங்கே இடிக்கிறது?

மின்வழி

ஐ1, ஐ2 இரண்டும் எந்தப் பக்கம் சுற்றுகின்றன? அம்புக்குறி போட்டீர்களா?

இளங்கதிர்

இரண்டும் வலஞ்சுழி. புத்தகத்தில் அப்படித்தான் போடச் சொல்லியிருக்கிறது.

பழைய_பலகை

அப்படியானால் விஷயம் அந்த நடுத்தடையில்தான் இருக்கிறது. படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். இடது கண்ணியை வலஞ்சுழியாகச் சுற்றினால், நடுத்தடையில் விரல் மேலிருந்து கீழே இறங்கும். வலது கண்ணியையும் அதேபோல் வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். நடுத்தடை இப்போது அந்தக் கண்ணியின் இடது ஓரம். அதனால் விரல் கீழிருந்து மேலே ஏறும். ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது. ஆக, கீழ்நோக்கி உண்மையில் ஓடுவது ஐ1 − ஐ2.

சரியான சமன்பாடுகள்:

2 ஐ1 + 4 (ஐ1 − ஐ2) = 20, அதாவது 6 ஐ1 − 4 ஐ2 = 20
4 (ஐ2 − ஐ1) + 2 ஐ2 = −10, அதாவது −4 ஐ1 + 6 ஐ2 = −10

ஐ1 = 4, ஐ2 = 1. நடுவில் 3 ஆம்பியர், அதன் குறுக்கே 12 வோல்ட்.

இதோடு நிறுத்த மனம் வரவில்லை, ஏனென்றால் உங்கள் 8, −7 வெறும் குப்பை எண்கள் அல்ல. தடையில் நீங்கள் ஐ1 + ஐ2 என்று எழுதியபோது, ஐ2 இடஞ்சுழியாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டீர்கள். பேட்டரிக்கு −10 என்று எழுதியபோது அதே ஐ2 வலஞ்சுழி. ஒரே சமன்பாட்டுக்குள் ஐ2 இரண்டு திசையில் ஓடுகிறது. கணக்கு இதை எப்படிப் புரிந்துகொள்ளும் தெரியுமா? ஐ2 இடஞ்சுழிதான், ஆனால் வலது பேட்டரி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது என்று. பாசிட்டிவ் கீழே இருக்கும்படி அந்தப் பேட்டரியைத் திருப்பிப் போட்ட சுற்றைத் தீர்த்துப் பாருங்கள். இடது பேட்டரியிலிருந்து 8 ஆம்பியர், வலது தடையில் 7 ஆம்பியர், நடுவில் 1 ஆம்பியர், நடுத்தடையில் 4 வோல்ட். எல்லாம் துல்லியமாகப் பொருந்தும். வேறொரு சுற்றுக்குச் சரியான விடையைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

அதனால்தான் விடையைச் சமன்பாட்டில் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. அது உங்கள் இயற்கணிதத்தை மட்டும்தான் சோதிக்கும். சோதனை எப்போதும் படத்திலிருந்து வர வேண்டும்.

இடஞ்சுழி என்று வைத்தாலும் தவறு கிடையாது. அப்போது பேட்டரியின் குறியும் மாறும்: 6 ஐ1 + 4 ஐ2 = 20, 4 ஐ1 + 6 ஐ2 = 10. விடை 4, −1. அந்த −1, ‘நான் நினைத்ததற்கு எதிர்த்திசையில் 1 ஆம்பியர்’ என்பதைத்தான் சொல்கிறது. அதே சுற்று, அதே மின்னோட்டம்.

இளங்கதிர்

இப்போது தெளிவாகிவிட்டது, நன்றி சார். இன்னொரு சந்தேகம். நடுவில் அம்மீட்டர் வைத்தால் 3 காட்டும். 4-ஐயும் காட்டாது, 1-ஐயும் காட்டாது. அப்படியானால் ஐ1, ஐ2 என்பவை உண்மையிலேயே ஓடுகின்றனவா, இல்லை கணக்குக்காக வைத்துக்கொண்டவையா?

பழைய_பலகை

நல்ல கேள்வி. ஓரக் கிளைகளில் கண்ணி மின்னோட்டமும் உண்மையான மின்னோட்டமும் ஒன்றுதான். இடது 2 ஓமில் அம்மீட்டர் 4 காட்டும், வலது 2 ஓமில் 1 காட்டும். பொதுக் கிளையில் மட்டும் வித்தியாசத்தைக் காட்டும். சுற்றிலும் பொதுக் கிளைகளே சூழ்ந்த ஒரு கண்ணி பெரிய வலையின் நடுவில் இருந்தால், அதன் கண்ணி மின்னோட்டத்தை எந்தக் கம்பியிலும் நேராக அளக்க முடியாது.

அப்புறம் எதற்கு இதை வைத்துக்கொள்கிறோம் என்றால், கிர்க்காஃபின் மின்னோட்ட விதி (சந்திக்குள் வருவதும் வெளியே போவதும் சமம்) இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. கண்ணி மின்னோட்டம் ஒரு மூடிய வட்டம். எந்தச் சந்திக்குள் நுழைந்தாலும் அதே சந்தியிலிருந்து வெளியே வந்துதான் ஆக வேண்டும். எனவே ஐ1, ஐ2-க்கு என்ன மதிப்பு கொடுத்தாலும் சந்திகளில் கூட்டல் கழித்தல் தானாகச் சரியாக இருக்கும். மீதி இருப்பது மின்னழுத்த விதி (மூடிய வளையத்தைச் சுற்றிவந்தால் ஏறும் வோல்ட்டும் இறங்கும் வோல்ட்டும் சமம்) மட்டுமே.

இரண்டு விதிகளையும் கிர்க்காஃப் 1845-ல் வெளியிட்டபோது அவருக்கு 21 வயது, மாணவர். அவர் வழியில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தெரியாத மின்னோட்டம். உங்கள் சுற்றில் மூன்று கிளை, மூன்று சமன்பாடு. கிளைக்குப் பதிலாகக் கண்ணிக்கு ஒரு மின்னோட்டம் வைத்தால் போதும் என்ற யோசனை மேக்ஸ்வெல்லிடமிருந்து வந்தது. மூன்று இரண்டாகக் குறைந்தது. பொதுவாகச் சொன்னால், கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை சமன்பாடு போதும்.

நேர்கோடு

எல்லாம் சரி, ஆனால் இந்தச் சுற்றுக்கு மெஷ் முறையே தேவையில்லையே? கீழ்க் கம்பியைப் பூஜ்யம் என்று வையுங்கள். நடுச்சந்தியின் மின்னழுத்தம் வி. ஒரே சமன்பாடு:

(வி − 20)/2 + வி/4 + (வி − 10)/2 = 0

1.25 வி = 15, வி = 12. முடிந்தது. இடது தடையில் (20 − 12)/2 = 4, வலது தடையில் (12 − 10)/2 = 1. குறிக் குழப்பத்துக்கே இடமில்லை. என்னைக் கேட்டால் சந்திகளின் மின்னழுத்தத்தை வைத்துத் தீர்க்கும் இந்த நோடு முறையை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டால் போதும். ஸ்பைஸ் உட்பட சிமுலேட்டர்கள் நோடு முறையின் அடிப்படையில்தான் இயங்குகின்றன. 1970-களிலேயே இந்தக் கேள்விக்கு முடிவு கட்டியாகிவிட்டது.

மின்வழி

சிமுலேட்டர் நோடு முறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. அதற்குப் படம் தெரியாது. ‘இந்தத் தடை 3-ஆம் நோடுக்கும் 5-ஆம் நோடுக்கும் நடுவில்’ என்ற பட்டியல் மட்டும்தான் அதன் கையில் இருக்கிறது. அதிலிருந்து கண்ணிகளைத் தேடிப் பிடிப்பது தனி வேலை. நோடுகள் பட்டியலிலேயே இருக்கின்றன. மனிதன் தாளில் போடும்போது நிலைமை அப்படி இல்லை. படத்தைப் பார்த்தாலே கண்ணி கண்ணில் படும்.

சுத்தமான நோடு முறையும் சிமுலேட்டருக்குப் போதவில்லை. மின்னழுத்த மூலத்தின் வழியாக எவ்வளவு ஓடுகிறது என்பதை நோடு மின்னழுத்தங்களிலிருந்து நேராக எழுத முடியாதே. அதற்காகச் சில மின்னோட்டங்களையும் தெரியாதவையாகச் சேர்த்துக்கொண்ட ‘திருத்திய நோடு முறை’ 1975-ல் வந்தது. மின்னோட்டத்தை முழுசாகக் கைவிட யாராலும் முடியவில்லை.

தாழம்பூ

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என் சந்தேகமும் மெஷ் பற்றியதுதான். இடதில் 24 வோல்ட் பேட்டரி (பாசிட்டிவ் மேலே), மேல் கம்பியில் 4 ஓம். நடுவில் தடைக்குப் பதிலாக 3 ஆம்பியர் மின்னோட்ட மூலம், அம்பு மேல்நோக்கி. வலதில் 2 ஓம் மட்டும். முதல் கண்ணிக்கு மின்னழுத்த விதி எழுதப்போனால் அந்த மூலத்தின் குறுக்கே எத்தனை வோல்ட் என்று தெரியவில்லை. பூஜ்யம் என்று போடலாமா?

பழைய_பலகை

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பூஜ்யத்தை நிறைய விடைத்தாள்களில் பார்த்திருக்கிறேன். மின்னோட்ட மூலம் 3 ஆம்பியருக்கு மட்டும்தான் உறுதி தருகிறது. அதற்கு எத்தனை வோல்ட் தேவையோ, அதைச் சுற்றின் மீதிப் பகுதி தீர்மானிக்கும்.

தெரியாது என்றால் தெரியாததாகவே ஒரு பெயர் வைத்துவிடுங்கள்: வி. இரண்டு கண்ணியும் வலஞ்சுழி.

முதல் கண்ணி: 4 ஐ1 + வி = 24
இரண்டாம் கண்ணி: 2 ஐ2 − வி = 0
மூலம் தரும் செய்தி: ஐ2 − ஐ1 = 3

மூன்றாவது வரியின் குறியைக் கவனியுங்கள். நடுக்கிளையில் மேல்நோக்கிச் செல்வது ஐ2, கீழ்நோக்கி வருவது ஐ1. மூலத்தின் அம்பு மேலே, அதனால் ஐ2 − ஐ1.

இப்போது முதல் இரண்டையும் கூட்டுங்கள். வி அடிபட்டுப் போகிறது: 4 ஐ1 + 2 ஐ2 = 24. புத்தகத்தில் சூப்பர்மெஷ் என்று தனித் தலைப்பு போட்டு, ‘மூலத்தைத் தவிர்த்து வெளிச்சுற்றில் போ’ என்று சொல்வது இந்தக் கூட்டலைத்தான். தனி விதி என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

4 ஐ1 + 2 (ஐ1 + 3) = 24, எனவே ஐ1 = 3, ஐ2 = 6. வி = 2 × 6 = 12. இடது பக்கமிருந்து பார்த்தாலும் 24 − 12 = 12.

மின்னோட்ட மூலம் நடுவில் இல்லாமல் ஓரக் கிளையில் இருந்தால் வேலை இன்னும் குறைவு. அந்தக் கண்ணியின் மின்னோட்டம் நேராகத் தெரிந்துவிட்டது. அந்தக் கண்ணிக்கு மின்னழுத்த விதியே எழுத வேண்டாம்.

தாழம்பூ

புரிந்தது. இதற்கும் ஏதாவது சோதனை இருக்கிறதா? தேர்வில் சிமுலேட்டர் கிடையாது.

வடமீன்

திறன் கணக்கைப் பாருங்கள், ஒரே வரியில் முடியும். பேட்டரி தருவது 24 × 3 = 72 வாட். மின்னோட்ட மூலம் தருவது 12 × 3 = 36 வாட். மொத்தம் 108. தடைகளில் 9 × 4 = 36, 36 × 2 = 72. மொத்தம் 108. வரவும் செலவும் சமம்.

இளங்கதிரின் சுற்றிலும் இது அழகாக வரும். இடது பேட்டரி தருவது 80 வாட். தடைகளில் 32, 36, 2, சேர்த்தால் 70. மீதி 10 வாட் எங்கே? வலது பேட்டரிக்குள் பாசிட்டிவ் முனை வழியாக 1 ஆம்பியர் நுழைகிறது. அது சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. 10 × 1 = 10 வாட். இதைப் பார்த்த பிறகுதான் அந்தச் சுற்று என்ன செய்கிறது என்பதே தெரிகிறது. 8, −7 போட்டுப் பாருங்கள்: தடைகளில் 128 + 4 + 98 = 230 வாட். இடது பேட்டரி தருவது 160. வலது பேட்டரியோ, படத்தில் உள்ளபடி 70 வாட்டை உள்ளே வாங்குகிறது. கணக்கு எங்கேயும் ஒட்டவில்லை.

நேர்கோடு

திறன் சோதனையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதே சுற்றில் ஐ1 = 0, ஐ2 = 0 என்று போடுங்கள். வரவு பூஜ்யம், செலவு பூஜ்யம், சமம். ஐ1 = 10/3, ஐ2 = 0 என்று போட்டாலும் சமமாகும். இரண்டு தெரியாதவற்றை ஒரு சமன்பாட்டால் உறுதிசெய்ய முடியாது. தோற்றால் விடை நிச்சயம் தவறு; ஜெயித்தால் சரி என்று அர்த்தமில்லை.

என் வழி: ஒரே சந்தியின் மின்னழுத்தத்தை ஒவ்வொரு கிளை வழியாகவும் போய்க் கணக்கிடுவேன். உங்கள் சுற்றில் இடது வழியாக 20 − 8 = 12, நடு வழியாக 4 × 3 = 12, வலது வழியாக 10 + 2 = 12. மூன்றும் ஒத்துப்போனால்தான் அடுத்த கணக்கு. அந்த 10/3, 0 ஜோடி இங்கே மாட்டிவிடும்: வலது வழி 10 என்கும், நடு வழி 13.3 என்கும்.

வடமீன்

ஒப்புக்கொள்கிறேன். சந்திச் சோதனை வலுவானது.

இளங்கதிர்

மூன்று கண்ணி உள்ள பிரிட்ஜ் சுற்று ஒன்றையும் யாராவது போட்டுக் காட்ட முடியுமா? தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று அதைச் சுருக்கவே முடியவில்லை.

பழைய_பலகை

சுருக்க முடியாது என்பதே அதன் சிறப்பு. நடுவில் உள்ள குறுக்குத் தடை யாருடனும் தொடரிலும் இல்லை, பக்க இணைப்பிலும் இல்லை. ஒன்று ஸ்டார்–டெல்டா மாற்றம் (முக்கோணமாக உள்ள மூன்று தடையை, அதற்குச் சமமான மூன்று கை நட்சத்திரமாக்குவது) செய்ய வேண்டும், இல்லையென்றால் மெஷ் அல்லது நோடு. வீட்ஸ்டன் பிரிட்ஜ் என்று பெயர் பெற்றாலும் 1833-லேயே இதை அமைத்தவர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் 1843-ல் பரவலாக அறியச் செய்தார்.

10 வோல்ட் பேட்டரி இடது ஓரத்தில். மேல்முனை அ, கீழ்முனை ஈ. அ-விலிருந்து ஆ வரை 1 ஓம், ஆ-விலிருந்து ஈ வரை 2 ஓம் (இடது கை). அ-விலிருந்து இ வரை 2 ஓம், இ-யிலிருந்து ஈ வரை 1 ஓம் (வலது கை). ஆ–இ குறுக்கே 2 ஓம்.

கண்ணிகள் மூன்று. ஐ1 பேட்டரியும் இடது கையும் சேர்ந்தது. ஐ2 மேல் முக்கோணம். ஐ3 கீழ் முக்கோணம். மூன்றும் வலஞ்சுழி.

இங்கே ஒவ்வொரு தடையாகச் சுற்றிவரத் தேவையே இல்லை. எல்லாக் கண்ணியும் ஒரே சுழியில் இருக்கும்போது சமன்பாடுகளைப் படத்திலிருந்து அப்படியே வாசித்துவிடலாம். முதல் கண்ணியில் உள்ள தடைகளைக் கூட்டினால் 1 + 2 = 3; அது ஐ1-இன் கெழு. முதல் கண்ணிக்கும் இரண்டாவதுக்கும் பொதுவானது 1 ஓம். ஐ2-இன் கெழு −1. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் பொதுவானது 2 ஓம். ஐ3-இன் கெழு −2. வலது பக்கம் அந்தக் கண்ணியில் உள்ள பேட்டரி, ஐ1-ஐத் தள்ளும் திசையில் இருந்தால் பிளஸ். அவ்வளவுதான்.

3 ஐ1 − ஐ2 − 2 ஐ3 = 10
−ஐ1 + 5 ஐ2 − 2 ஐ3 = 0
−2 ஐ1 − 2 ஐ2 + 5 ஐ3 = 0

இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் ஐ1 + 7 ஐ2 − 7 ஐ3 = 0, அதாவது ஐ3 − ஐ2 = ஐ1/7. இதை இரண்டாவதில் போட்டால் 3 ஐ2 = 9 ஐ1/7. ஆக ஐ2 = 3 ஐ1/7, ஐ3 = 4 ஐ1/7. முதல் சமன்பாட்டில் போட்டால் ஐ1 = 7, ஐ2 = 3, ஐ3 = 4.

குறுக்குத் தடையில் ஐ3 − ஐ2 = 1 ஆம்பியர், ஆ-விலிருந்து இ-க்கு. ஆ முனையில் 6 வோல்ட், இ முனையில் 4 வோல்ட். வித்தியாசம் 2 வோல்ட், 2 ஓமில் 1 ஆம்பியர். பேட்டரிக்குத் தெரியும் மொத்தத் தடை 10/7 ஓம்.

கெழுக்களை அணியாக எழுதிப் பாருங்கள். மூலைவிட்டத்துக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். பொதுத்தடை இரண்டு பேருக்கும் பொது, அதனால் இரண்டு வரியிலும் அதே எண். தேர்வில் நேரமில்லையென்றால் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். ஒரு குறி பிசகினால் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும்.

மின்வழி

சார்பு மூலம் (சுற்றின் வேறொரு இடத்து மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ பொறுத்து மதிப்பு மாறும் மூலம்) வந்தால் அந்தச் சமச்சீர் பொதுவாக உடைந்துவிடும், அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. இளங்கதிரின் சுற்றையே எடுங்கள். வலது பேட்டரிக்குப் பதிலாக, நடுத்தடையில் ஓடும் ஆம்பியரின் 2 மடங்கு வோல்ட் தரும் சார்பு மூலத்தை வையுங்கள். முதல் வரி மாறாது. இரண்டாவது வரியின் வலது பக்கம் −2 (ஐ1 − ஐ2). அதை இடது பக்கம் கொண்டுவந்தால்:

6 ஐ1 − 4 ஐ2 = 20
−2 ஐ1 + 4 ஐ2 = 0

ஐ1 = 5, ஐ2 = 2.5. நடுச்சந்தி 10 வோல்ட், சார்பு மூலம் 5 வோல்ட். அணியில் −4 ஒரு பக்கம், −2 இன்னொரு பக்கம். இது சரிதான். சார்பு மூலம் உள்ள சுற்றுக்குப் படத்திலிருந்து நேராக வாசிக்கும் குறுக்குவழியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். முதலில் சாதாரண மூலம் போல எழுதி, அப்புறம் கட்டுப்படுத்தும் மின்னோட்டத்தைக் கண்ணி மின்னோட்டங்களில் சொல்லி, இடது பக்கம் நகர்த்துங்கள்.

நேர்கோடு

பிரிட்ஜில்கூட மெஷ் மூன்று சமன்பாடு, நோடு இரண்டுதான் (அ முனை 10 வோல்ட் என்று முன்பே தெரியும்). மெஷ் முறை எங்காவது உண்மையிலேயே ஜெயிக்கிறதா?

பழைய_பலகை

ஜெயிக்கும் இடம் இருக்கிறது: ஒன்றோடொன்று காந்தப் பிணைப்புள்ள சுருள்கள். அதில் ஒரு சுருளின் மின்னழுத்தம் இன்னொரு சுருளின் மின்னோட்டத்தைப் பொறுத்தது. விதியே மின்னோட்டத்தின் மொழியில் இருக்கிறது, அதனால் மெஷ் சமன்பாட்டில் நேராகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் கண்ணியில் 20 வோல்ட் மாறுதிசை மூலம், 4 ஓம் தடை, 10 ஓம் மறிப்புள்ள சுருள் (மறிப்பு என்பது மாறுதிசை மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு). இரண்டாவதில் 2 ஓம் மறிப்புள்ள சுருள், 2 ஓம் தடை. பரிமாற்று மறிப்பு (ஒரு சுருளின் ஒரு ஆம்பியர் மற்ற சுருளில் உண்டாக்கும் வோல்ட்) 4 ஓம். புள்ளிக்குறிகள் (சுருள்கள் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் சுற்றப்பட்டவை என்று காட்டுபவை) இரண்டும் மேல்முனையில், சுருள்கள் நடுவில் எதிரெதிரே, கண்ணிகள் வலஞ்சுழி. ஜே என்பது −1-இன் வர்க்கமூலம்:

(4 + ஜே10) ஐ1 − ஜே4 ஐ2 = 20
−ஜே4 ஐ1 + (2 + ஜே2) ஐ2 = 0

பொதுத்தடை போலவே பரிமாற்று உறுப்பு இரண்டு வரியிலும் வருகிறது பாருங்கள். இரண்டாவது வரியிலிருந்து ஐ2-ஐ எடுத்து முதலாவதில் போட்டால், இரண்டாம் பக்கம் முழுவதும் முதல் பக்கத்துக்கு 16/(2 + ஜே2), அதாவது 4 − ஜே4 ஓமாகத் தெரியும். மொத்தம் 8 + ஜே6. அதன் அளவு 10 ஓம். ஐ1 = 2 ஆம்பியர், ஐ2 சுமார் 2.83 ஆம்பியர். உள்ளே போகும் திறன் 20 × 2 × 0.8 = 32 வாட் (0.8 என்பது 8/10). தடைகளில் 16, 16.

இதையே சுத்தமான நோடு முறையில் போட வேண்டுமானால், சுருள்களின் தூண்டல் அணியை முதலில் நேர்மாறாக்க வேண்டும். இங்கே 10 × 2 − 4 × 4 = 4, அதனால் முடியும். பிணைப்பு முழுமையாக இருந்தால் அந்த 4 பூஜ்யமாகிவிடும், நேர்மாறே கிடையாது. மெஷ் சமன்பாடு அப்போதும் அசையாமல் நிற்கும். திருத்திய நோடு முறை சுருளின் மின்னோட்டத்தையும் தெரியாததாகச் சேர்ப்பதில் இதுவும் ஒரு லாபம்.

புள்ளிக்குறி ஒன்றை மாற்றினால் ஜே4-இன் குறி இரண்டு வரியிலும் சேர்ந்து மாறும். ஒரு வரியில் மட்டும் மாற்றினால், தொடக்கத்தில் பேட்டரி தலைகீழான அதே கதைதான்.

நேர்கோடு

சரி, இதை ஏற்கிறேன். சுருள் வந்தால் நானும் கண்ணி போடுகிறேன்.

தாழம்பூ

கம்பிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும் படத்தில் கண்ணி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்வழி

முதலில் படத்தை மாற்றி வரைந்து பாருங்கள். பல சமயம் ஒரு கம்பியை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனாலே தாண்டல் மறைந்துவிடும். பிரிட்ஜைக்கூடச் சில புத்தகங்களில் குறுக்குக் கம்பியோடு வரைந்திருப்பார்கள். அது தாண்டலே இல்லாமல் வரையக்கூடிய சுற்று.

எப்படி வரைந்தாலும் தாண்டல் போகாத சுற்றுகளும் உண்டு. ஐந்து முனைகள், ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் தடையால் இணைந்தது, அப்படி ஒன்று. அதில் கண்ணி என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. ஆனால் சுற்றுப்பாதை உண்டு. எல்லா முனைகளையும் தொட்டுக்கொண்டு, எங்கும் மூடாமல் போகும் சில கிளைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஐந்து முனைக்கு நான்கு கிளை. விட்டுப்போன ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தால், ஒவ்வொன்றும் ஒரு சுற்றுப்பாதையை மூடும். அவற்றுக்கு மின்னோட்டம் வைத்து மின்னழுத்த விதி எழுதலாம். ஒரே தடையில் மூன்று, நான்கு மின்னோட்டம் வரலாம், சுழியும் ஒன்றாக இருக்காது. அதனால் பொதுத்தடை எப்போதும் மைனஸ் என்பது இங்கே செல்லாது. ஒவ்வொரு தடையிலும் அம்பைப் பார்த்துத்தான் கூட்டவோ கழிக்கவோ வேண்டும்.

மொத்தக் கிளை பத்து, எனவே ஆறு சமன்பாடு. நோடு முறையில் நான்கு. இந்தச் சுற்றை என்னிடம் கொடுத்தால் நோடு முறையில்தான் போடுவேன்.